கோரஸில் விட்ட இடம்

ஆட்டோ மாரேட்பள்ளியின் உள் தெரு ஒன்றில் திரும்பி, வேப்பமரங்கள் பாதி மறைத்திருந்த ஒரு பழைய பங்களாவின் முன் நின்றது. தியோடர் இறங்கி ஹார்மோனியப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். 1979 மே மாதம். காலையிலேயே வெயில் கண்ணைக் கூச வைத்தது.

அவர் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். வாலிபத்தில் மெட்ராஸுக்கு ரயிலேறியவர், அங்கே பெரிய பெரிய இசையமைப்பாளர்களுக்குக் கோரஸ் எழுதிக் கொடுத்தே காலத்தை ஓட்டினார். மெட்டு அவர்களுடையது. அந்த மெட்டுக்குப் பின்னால் பெண்கள் எங்கே நுழைய வேண்டும், எந்தக் குரல் மேலே போக வேண்டும், எது கீழே தாங்க வேண்டும் என்று பிரித்து எழுதுவது இவர் வேலை. தியேட்டரில் ஜனங்கள் மயங்கிப்போய்க் கேட்பார்கள். திரையில் இவர் பெயர் மட்டும் வராது.

நாற்பத்தைந்து வயதில் முதன்முதலாக ஒரு தெலுங்குப் படத்துக்கு முழு இசையும் அவர் கைக்கு வந்திருந்தது. தயாரிப்பாளர் ஹைதராபாத்காரர். பாட்டெல்லாம் இங்கேயே பதிவாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். தியோடர் மனைவி ஐவியோடு சொந்த ஊருக்கே குடிவந்தார்.

சவுண்ட் இன்ஜினியர் சூசைராஜ் வாசலில் காத்திருந்தான்.

"வாங்க மாஸ்டர். வீடுதான் பழசு, மிஷின்லாம் புதுசு."

முன்னால் இருந்த கூடம் வாத்தியக்காரர்களுக்கு. அதை ஒட்டி, பதிவுக் கருவிகளோடு ஒரு கண்ணாடி அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வீட்டின் பின்கோடியில், கோரஸ் பாடுகிறவர்களுக்கு ஒரு சின்ன அறை. அதில் ஜன்னல் இருந்த இடங்களில் செங்கல் வைத்துப் பூசியிருந்தது.

"நாங்க அடைக்கல மாஸ்டர், முன்னாலேயே இப்படித்தான் இருந்துச்சு. வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது. நமக்கு வேலை மிச்சம்."

"முன்னால இது என்ன?"

"நர்சிங் ஹோம். டாக்டர் லண்டன் போயிட்டாரு."

"அப்போ இது எக்ஸ்ரே ரூமா?"

"ஹவ், ஆமா. அப்படித்தான் இருக்கும்."

தியோடர் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார். காதில் பஞ்சை அடைத்தது போல் இருந்தது. அவருடைய மூச்சு அவருக்கே பெரிதாகக் கேட்டது. குளிர்சாதனம் ஓட ஆரம்பித்ததும் முதலில் ஃபினைல் வாசனை வந்தது. அதற்கு அடியில், மாற்றாமல் கிடந்த படுக்கை விரிப்பின் வாசனை. வியர்வையில் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த துணி.

பழைய வீடு என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

கோரஸுக்கு ஐந்து பெண்கள். மூத்தவள் நீலா, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். எழுதிக் கொடுத்ததை ஒரு தடவை பார்த்தால் போதும், பிசகாமல் பாடுவாள். அன்று பதிவானது காதல் பாட்டு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வார்த்தையில்லாமல் ஒரு ஹம்மிங் வரும்.

கூடத்தில் தபலாவும் டிரம்ஸும் அதிர்ந்தன. சிவப்பு விளக்கு எரிந்தது. தியோடர் கண்ணாடி அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கையசைத்தார். ஐந்து குரல்களும் ஒன்றன் மேல் ஒன்றாக எழுந்தன.

அவற்றுக்கு மேலே இன்னொரு குரல் எழுந்தது.

வாயைத் திறக்காத குரல். கீழே எங்கோ தொடங்கி மெதுவாக வழுக்கி ஏறி, ஒரு ஸ்வரத்தின் விளிம்பு வரை போய், அதைத் தொட முடியாமல் நடுங்கி, இறங்கியது. அப்படி ஒரு ஏக்கத்தை அவர் எழுதவும் இல்லை, யாரிடமும் கேட்டதும் இல்லை. மயிர்க்கூச்செடுத்தது. அவர் நிறுத்தவில்லை.

டேக் முடிந்ததும் மைக்கில் கேட்டார். "நீலா, மேல போனது யாரு?"

கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கள்ல யாரும் இல்ல மாஸ்டர்."

அந்த நேரம் பார்த்துத் தயாரிப்பாளர் உள்ளே வந்தார். சூசைராஜ் டேப்பைப் போட்டுக் காட்டினான். ஹம்மிங் வந்ததும் மனிதர் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அந்த இடம்... அது யாரோட ஐடியா, மாஸ்டர்காரு?"

தியோடர் வாயைத் திறந்தார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் மற்றவர்கள் பெயரில் ஒலித்த தன் கோரஸ்களெல்லாம் அந்தக் கணத்தில் நெஞ்சில் வந்து நின்றன.

"என்னுதுதான்" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தீபாவளிக்குப் படம் வந்தது. சங்கராந்திக்குள் அந்தப் பாட்டு தெருத்தெருவாக ஒலித்தது. ஆபிட்ஸில் இசைத்தட்டுக் கடை வாசலில், இரானி டீக்கடையில், கல்யாண வீட்டு லவுட்ஸ்பீக்கரில். குழந்தைகள்கூட அந்த ஹம்மிங்கை மூக்கால் பாடிக்கொண்டு போனார்கள். பத்திரிகையில் அவர் படம் வந்தது. "சொல் இல்லாமலே அழ வைக்கும் கலைஞர்" என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். ஐவி அதைக் கத்தரித்து வைத்தாள். அவருக்கு அதை நேராகப் பார்க்கக் கூசியது.

அடுத்து வந்த தயாரிப்பாளர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த மாதிரி ஹம்மிங் வேணும்."

நீலாவைத் தனியாகப் பாடச் சொல்லிப் பார்த்தார். ஸ்வரம் சரியாக இருந்தது. வெறும் ஸ்வரமாக இருந்தது.

"அது நான் பாடினது இல்ல மாஸ்டர். உங்களுக்கே தெரியும்" என்றாள், தாழ்ந்த குரலில்.

அன்று ராத்திரி அவர் கோரஸ் எழுத உட்கார்ந்தபோது, ஐந்து பேருக்கும் ஐந்து வரி எழுதினார். ஐந்தும் கீழேயே தங்கின. மேலே ஆறாவதாக ஒரு வரியைக் கோடு மட்டும் போட்டு வெறுமையாக விட்டார். யாருக்காக விடுகிறோம் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அந்த வரி நிரம்பியது.

பதிவு முடிந்து பெண்கள் வெளியே போனதும் சூசைராஜ் டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். அவன் முகத்தில் களை இல்லை.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லட்டா? போன பாட்டுல இந்தக் குரல் ரூமோட அந்தக் கோடியில, சுவரோரமா கேட்டுச்சு. இதுல மைக் பக்கத்துல கேக்குது."

"அதனால என்ன?"

"நடந்து வருது மாஸ்டர்."

தியோடர் சிரிக்கப் பார்த்தார். வெளியே வராந்தாவில் நீலா புடவைத் தலைப்பால் பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் பின்னால யாரோ நின்னாங்க மாஸ்டர். மூச்சு கழுத்துல பட்டுச்சு. கொதிக்குது, ஜுரக்காரங்க மூச்சு மாதிரி. எனக்கு இந்த வேலை நக்கோ, வேணாம்."

"ஒரே ஒரு படம் நீலா. அதுக்கப்புறம் நீ தனிப் பாட்டே பாடலாம். நான் பாத்துக்கிறேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தனிப் பாட்டு ஆசையைக் காட்டி அவளை எதற்கு இணங்க வைத்தோம் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்கு ஒரு அம்மாள் வந்தாள். வெளுத்த கைத்தறிப் புடவை, எண்ணெய் வைக்காத நரைமுடி. தார்நாகாவிலிருந்து வருவதாகச் சொன்னாள். பெயர் கல்பகம். கணவர் ராஜாராமன் அங்கே ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. அன்று ஒத்திகைக்காக நீலாவும் வந்திருந்தாள்.

"உங்களைத் தொந்தரவு பண்றேன். அந்தப் பாட்டுல ஒரு ஹம்மிங் வரதே, அதைப் பாடினது யாரு?"

தியோடர் தயங்கினார். பிறகு நீலாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலை நீலா புரிந்துகொண்டாள்.

"நான்தான் மாமி."

கல்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக ஒரு தரம் பாடறியாம்மா?"

நீலா வாயை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். ஏறும் இடம் வந்தது. குரல் உடைந்தது. அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

கல்பகம் கையை விடவில்லை.

"எனக்கு ஒரே பொண்ணு. ரமான்னு பேரு. காலேஜ்ல படிச்சிண்டிருந்தா. வாசல்ல ஒரு துருப்பிடிச்ச ஆணியை மிதிச்சுட்டா. சின்னக் காயம். விஞ்ஞானி வீடு. ஒரு ஊசி போடணும்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணலை."

ஐவி காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

"டெட்டனஸ். தாடை இறுகிப்போச்சு. வாயைத் திறக்கவே முடியலை. மாரேட்பள்ளியில ஒரு நர்சிங் ஹோம்ல சேர்த்தோம். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாதுன்னா. ஒரு ஸ்பூன் கீழ விழுந்தாக்கூட உடம்பு வில்லா வளைஞ்சுடும். ஜன்னலெல்லாம் அடைச்ச ரூம்ல போட்டா. நினைவு மட்டும் கடைசி வரைக்கும் தெளிவா இருந்தது. பேச முடியாம முனகுவா. கீழேர்ந்து ஆரம்பிச்சு மேல போகும். அந்த இடத்துல வலி பொறுக்காம நின்னுடும். அப்புறம் இறங்கும்."

அவள் நீலாவின் கையை விட்டாள்.

"அது பாட்டு இல்லை சார். என் பொண்ணு முனகினது. எங்க அடுத்த தெருவுல ஒரு கல்யாணத்துல அதை லவுட்ஸ்பீக்கர்ல போட்டா. எல்லாரும் தாளம் போட்டா."

அடைத்த ஜன்னல்கள். கூடத்திலிருந்து சுவர் வழியாக அதிர்ந்த டிரம்ஸ். ஒவ்வொரு டேக்கிலும் தான் கை உயர்த்தியபோது அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்பது அவர் கண்முன் வந்தது.

"அந்தப் பாட்டை எங்க வச்சுப் பதிவு பண்ணினேள்?" என்று கல்பகம் கேட்டாள்.

அடுத்த படத்தின் பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. போஸ்டரில் அவர் பெயர் நடிகரின் பெயருக்குச் சமமாக அச்சாகியிருந்தது.

"மெட்ராஸ்லதாம்மா" என்றார்.

நீலா நிமிர்ந்து பார்த்தாள். ஐவி பார்த்தாள். கல்பகம் மட்டும் தலையை ஆட்டி, "அப்போ என் பிரமைதான்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி நீலாவிடம், "உன்னை அழ வச்சுட்டேன், மன்னிச்சுக்கோ" என்றாள்.

அவள் தலை மறைந்ததும் ஐவி காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, நீங்க மெட்ராஸ்ல எந்தப் பாட்டைப் பதிவு பண்ணீங்க?"

அவர் ஹார்மோனியத்தை மூடினார். ஐவி மறுபடி கேட்கவில்லை. அன்றிலிருந்து அவருடைய பாட்டு ரேடியோவில் வந்தால் எழுந்துபோய் அதை அணைத்தாள்.

மூன்றாவது படத்தின் பதிவும் பகலில்தான். நீலா வந்தாள், ஆனால் அவரோடு பேசவில்லை. காலையில் அவர் காகிதத்தில் ஐந்து வரிகளோடு நிறுத்திக்கொண்டார். ஆறாவது வரிக்குக் கோடு போடவில்லை. அதுவே பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்து குரல்களும் எழுந்தன. வேறு எதுவும் கேட்கவில்லை.

அவர் மூச்சை விட்டார்.

"மாஸ்டர்" என்றான் சூசைராஜ். "மீட்டர் முள்ளு ஆடுது பாருங்க. ஆறாவது மைக்."

ஆறாவது மைக்கே போடவில்லை. அதற்கான ஒயர் சுவரில்கூடச் சொருகப்படாமல் சுருண்டு கிடந்தது. அதற்குரிய முள் மட்டும் மெதுவாக ஏறி நடுங்கி இறங்கியது.

பிறகு ஹெட்ஃபோனில் கேட்டது. இந்த முறை பாட்டு மாதிரியே இல்லை. பற்கள் நெரிபடும் சத்தம் அதற்குள் கேட்டது. மூடிய வாய்க்குள் ஒரு சொல் முட்டி முட்டித் திரும்பியது.

ம்... ம்மா.

"நிறுத்து" என்றார் தியோடர்.

சூசைராஜ் மிஷினை நிறுத்தினான். சுருள்கள் நின்றன. பெண்கள் நிறுத்தினார்கள்.

குரல் நிற்கவில்லை.

தியோடர் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தார். அப்போதும் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம். அவருடைய நாற்காலிக்குப் பின்னால், தோள் உயரத்தில்.

விளக்குகள் அணைந்தன. மின்சாரம் போய்விட்டது. குளிர்சாதனம் பெருமூச்சு விட்டு நின்றது. அந்த இருட்டு கண்ணை மூடினால் வரும் இருட்டு அல்ல. திறந்திருந்தும் எதுவும் இல்லாத இருட்டு. வியர்வையில் ஊறிய துணியின் வாசனை மூக்கை அடைத்தது. கொதிக்கும் மூச்சு அவர் காதில் பட்டது.

கூடத்தில் யாரோ இருட்டில் தடுமாறிச் சிம்பலைத் தட்டிவிட்டார்கள். அது தரையில் விழுந்து உருண்டது.

அவருக்குப் பின்னால் ஏதோ வில்லாக வளைந்தது. எலும்பு முறுகும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

தியோடர் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே ஓடினார். வாசலில் பளீரென்று வெயில். எதிர்வீட்டில் ஒரு பெண் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வேப்பமர நிழலில் ரிக்ஷாக்காரன் தூங்கினான். தியோடர் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பயம் சீக்கிரமே இறங்கிவிட்டது. அதற்குக் கீழே கிடந்த வெட்கம் இறங்கவில்லை. ரமா தன் தாயைக் கேட்கிறாள். தாய் தேடிக்கொண்டு வாசல் வரை வந்தாள். நடுவில் நின்று மறைத்தது அவர்தான்.

அவர் அப்படியே எழுந்து தார்நாகாவுக்குப் போனார்.

கல்பகம்தான் கதவைத் திறந்தாள். ராஜாராமன் வேலைக்குப் போயிருந்தார். கூடத்தில் மாலை போட்ட படத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். தியோடர் அந்தப் படத்தைப் பார்த்தபடியே சொன்னார். கல்பகத்தின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"நான் பொய் சொன்னேன்மா. அது மெட்ராஸ் இல்ல. மாரேட்பள்ளி. அந்த நர்சிங் ஹோம்தான். அந்த ரூம்தான். நீலாவும் பாடல. நான் எழுதவும் இல்ல. கேட்டது யாரோட குரல்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. நீங்க சொன்னதுக்கு அப்புறம் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் இன்னைக்கு மறுபடி..."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"இப்பவும் அங்க இருக்காளா?" என்று கேட்டாள்.

"அம்மான்னு கூப்பிடறாங்க."

கல்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி ராத்திரி நான்தான் பக்கத்துல இருந்தேன். தூங்கவே கூடாதுன்னு உக்காந்திருந்தேன். கண் அசந்துடுத்து. முழிச்சுப் பார்த்தா சத்தம் நின்னு போயிருந்தது. எவ்வளவு நேரம் கூப்பிட்டாளோ." ராஜாராமனிடம்கூட அதை அவள் சொன்னதில்லை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பங்களாவில் மின்சாரம் வந்திருந்தது. வாத்தியக்காரர்கள் போய்விட்டார்கள். சூசைராஜும் நீலாவும் மட்டும் வராந்தாவில் இருந்தார்கள். கல்பகம் யாரையும் வழி கேட்காமல் பின்கோடி அறைக்கு நடந்தாள்.

"அந்த ஏ.சி.யை நிறுத்திடுங்கோ. விளக்கு வேண்டாம். யாரும் பேச வேண்டாம்."

உள்ளே போய்க் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டாள்.

கண்ணாடி அறையில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கிருந்து கசிந்த கொஞ்ச வெளிச்சத்தில் கல்பகத்தின் வெளுத்த புடவை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அவள் மைக்குகளுக்கு நடுவே போய், ஒரு குறிப்பிட்ட இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். சூசைராஜ் தன்னையறியாமல் மிஷினின் பொத்தானில் விரலை வைத்தான்.

"மாஸ்டர்... டேப் ஓடட்டுமா?" என்று கிசுகிசுத்தான்.

இனி ஒருநாளும் கிடைக்காத டேக் அது. தியோடருக்கு அது தெரியும். அந்த நினைப்பு ஒரு நொடி தனக்குள் வந்து போனதையும் அவர் கவனித்தார்.

"நக்கோ" என்றார். "எல்லா மைக்கையும் அணைச்சிடு."

அதனால் அந்த அறையில் என்ன கேட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. பார்த்தது மட்டும்தான். கல்பகத்தின் உதடுகள் அசைந்தன. அவள் கை எழுந்தது. கட்டில் உயரத்தில், காற்றில், ஒரு நெற்றியைத் தடவுவது போல மெல்லத் தடவிக்கொடுத்தது. கை ஒரு இடத்தில் அழுந்தி நின்றது. அங்கே அதைத் தாங்க ஏதோ இருந்தது போல.

நீலா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அந்தக் கை தணிந்து மடிக்கு வந்தது. கல்பகம் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை கண் அசரவில்லை.

வெளியே வந்தபோது அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"தூங்கிட்டா" என்றாள். தியோடரைப் பார்த்து, "இங்க இனிமே பாட்டு வேண்டாம். அந்தப் பாட்டையும் நிறுத்த முடியுமா?" என்று கேட்டாள்.

"நிறுத்திடறேம்மா."

அவரால் முடியவில்லை. தயாரிப்பாளரிடம் போனார். இசைத்தட்டு வெளியிட்டவர்களிடம் போனார். ஹம்மிங்கை நீக்கிவிட்டு மறுபடி பதிவு செய்து தருகிறேன் என்றார். காரணத்தைச் சொன்னபோது அவர்கள் அவருடைய ஆரோக்கியத்தை விசாரித்து அனுப்பினார்கள். பாட்டு ஊர் ஊராகப் போனது. கல்யாண ஊர்வலங்களில் பேண்ட் கோஷ்டிகள் கிளாரினெட்டில் அந்த முனகலை வாசித்தன. எங்கே கேட்டாலும் தியோடர் செருப்பைக்கூடத் தேடாமல் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். கல்பகத்தை ஒரு தடவை ரேஷன் கடை வாசலில் தூரத்திலிருந்து பார்த்தார். எதிரில் போக முகம் இல்லாமல் சந்துக்குள் திரும்பிவிட்டார்.

மூன்றாவது படத்தை அவர் முடித்துத் தரவில்லை. சினிமாவை விட்டார். பங்களாவையும் யாரோ வாங்கி இடித்துவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. நீலா மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். பழைய பேச்சை அவள் எடுத்ததில்லை.

சில வருஷங்கள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால், அவர்களுடைய சபையில் பாடகர் குழுவைப் பழக்கிவிடச் சொல்லிக் கேட்டார்கள். மாட்டேன் என்றார். ஐவிதான் வற்புறுத்தினாள்.

"கடவுளுக்குத்தானே எழுதப் போறீங்க."

எழுதினார். மேலே, கீழே, நடுவே என்று எல்லாக் குரலுக்கும் இடைவெளியே இல்லாமல் எழுதினார். மூச்சு விடுகிற இடத்தில்கூட வேறொரு குரல் வந்து நிரப்பும்படி செய்தார். ஒரு ஊசி நுழைய இடம் விடவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் முதல் ஒத்திகை. கோயிலின் மேற்கு ஜன்னல்கள் வழியாக வெயில் பெஞ்சுகளில் விழுந்திருந்தது. ஐவி ஆர்கனில் உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டு சுத்தமாக வந்தது. இத்தனை வருஷத்தில் முதன்முதலாக அவர் நெஞ்சு இளகியது. இரண்டாவது பாட்டில் ஆண்கள் ஒரு இடத்தில் பிசகினார்கள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

எல்லாரும் நிறுத்தினார்கள். ஐவி கையை எடுத்தாள்.

ஒரு குரல் நிற்கவில்லை.

ஆண் குரல். வயதானது. ஆண்கள் நின்ற வரிசைக்குப் பின்னால், யாரும் உட்காராத பெஞ்சிலிருந்து வந்தது. மூச்சு வாங்க வாங்க வரியின் கடைசி வரை பாடிவிட்டு, இருமியது. நெஞ்சுக்குள் சளி புரளும் இருமல்.

பிறகு மெல்லக் கேட்டது.

"பானீ... தோடா பானீ."

பாடகர்கள் ஒருவரும் அசையவில்லை. ஒரு பெண் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

அந்த நர்சிங் ஹோமில் எத்தனை கட்டில்கள் இருந்தன என்று தியோடர் ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.

அவர் காகிதங்களை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, பின்கட்டுக்கு நடந்தார். கூஜாவிலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. எஞ்சியதை எடுத்துவந்து அந்த வெறும் பெஞ்சின் மேல் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

இருமல் அடங்கியது.

கோயிலுக்குள் அத்தனை அமைதி. ஐவி எழுந்து அவரிடம் வர ஒரு அடி எடுத்துவைத்தாள்.

அப்போது வலப்பக்கப் பெஞ்சிலிருந்து, ஒரு குழந்தை படுத்திருக்கும் உயரத்திலிருந்து, சின்னதாக ஒரு குரல் வந்தது.

"எனக்கும்."